டீச்சரிடம் கேளுங்கள்: ஐம்பது டாலர் எங்கே போகிறது?

பல்கலைக்கழகத்துக்கு முந்திய மெட்ரிகுலேஷன் படிப்பில் இடம் கிடைக்கவில்லை என்று எழுதியவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ள வேண்டும். இந்த மாதம் பக்கம் முழுவதும் ஒரே புத்தகத்துக்குப் போய்விட்டது. பினாங்கிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் பிள்ளைகளும் பெற்றவர்களும் சொல்லிவைத்தாற்போல் அதைப் பற்றியே எழுதியிருக்கிறார்கள். ஜான் ஸ்டைன்பெக் 1937-இல் வெளியிட்ட ‘ஆஃப் மைஸ் அண்ட் மென்’. பிரிட்டிஷ் வாரியங்கள் நடத்தும் ஐ.ஜி.சி.எஸ்.இ. தேர்வின் ஆங்கில இலக்கியத்துக்கு அனைத்துலகப் பள்ளிகள் சில எடுத்துக்கொள்ளும் அமெரிக்க நாவல்.

கதை தெரியாதவர்களுக்காக: கலிபோர்னியா, பொருளாதார மந்தக் காலம். ஜார்ஜ், லென்னி என்ற இரண்டு கூலியாட்கள் பண்ணை பண்ணையாக வேலை தேடி அலைகிறார்கள். லென்னி வாட்டசாட்டமான ஆள், அறிவு மட்டும் சிறு பிள்ளையினுடையது. சொந்தமாகக் கொஞ்சம் நிலம் வாங்கிவிட வேண்டும் என்பது இருவருக்கும் ஆசை. சோலடாட் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு பண்ணையில் சேருகிறார்கள். அங்கே முதலாளி மகன் கர்லியின் மனைவி, லென்னியின் முரட்டுப் பிடியில் அவன் நினைக்காமலேயே இறந்துபோகிறாள். துரத்தி வரும் கூட்டத்திடம் அவன் சிக்குவதற்கு முன் ஜார்ஜே அவனைச் சுட்டுவிடுகிறான். இனிக் கடிதங்கள்.

கேள்வி: என் மகன் பத்தாம் ஆண்டில் படிக்கிறான். மேசைமேல் கிடந்த இந்தப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துத் திடுக்கிட்டுப் போனேன். பக்கத்துக்குப் பக்கம் கெட்ட வார்த்தை, விலைமாதர் வீட்டைப் பற்றிய பேச்சு, கறுப்பினத்தவரை இழிவாகச் சொல்லும் சொல். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிக் கட்டணம் செலுத்துவது இதற்குத்தானா? பள்ளிக்குப் புகார் எழுதலாமா?
— ஒரு தாய், பட்டர்வொர்த்

எழுதலாம் அம்மா. நீங்கள் முதல் ஆளும் இல்லை. அமெரிக்காவிலேயே, பள்ளியிலிருந்து எடுத்துவிடும்படி பெற்றோர் அடிக்கடி கேட்கும் புத்தகங்களின் பட்டியலில் இதுவும் நெடுங்காலமாக இருக்கிறது. ஆனால் புரட்டிப் பார்த்துப் புகார் எழுதாதீர்கள், படித்துவிட்டு எழுதுங்கள். சுமார் நூறு பக்கம்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போதும்.

அதில் பேசுகிறவர்கள் மூட்டை தூக்கும் கூலியாட்கள். அவர்கள் வேறு எப்படிப் பேசுவார்கள்? நான் பிறந்து வளர்ந்தது கெடாவில் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வீட்டு வரிசையில். விடியற்காலைப் பெரட்டில், பெயர் கூப்பிட்டு ஆட்களை வேலைக்கு அனுப்பும்போது, மேற்பார்வை பார்க்கும் தண்டல் வாயிலிருந்து வந்த சொற்களை எழுதினால் இந்தப் பத்திரிகையை மூடிவிடுவார்கள். ஸ்டைன்பெக் இளமையில் சாலினாஸ் பக்கத்துச் சர்க்கரை நிறுவனப் பண்ணைகளில் வேலை பார்த்தவர். காதால் கேட்டதைத்தான் எழுதினார்.

கறுப்பினத்தவரைச் சொல்லும் அந்தச் சொல் வேறு விஷயம். என் வகுப்பில் அதை யாரும் உரக்க வாசித்ததில்லை. அந்த இடம் வந்தால் நிறுத்தி, தாண்டிப் போவோம். பள்ளிச் சிற்றுண்டிச் சாலையில் ஒருவன் இந்தியர்களை இழிவாகச் சொல்லும் ‘கெலிங்’ என்ற சொல்லைக் கத்தினால் உள்ளே என்ன ஆகும் என்பது நம் பிள்ளைகளுக்கு யாரும் பாடம் நடத்தித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் அச்சில் அது இருக்கட்டும். அதைக் கொடியவர்கள் மட்டும் சொல்லவில்லை என்பதைப் பிள்ளை கவனிக்க வேண்டும். நல்லவரான கிழவர் கேண்டியும் சாதாரணமாகச் சொல்கிறார், யாரையும் நோகடிக்கும் எண்ணமே இல்லாமல். பயங்கரம் அங்கேதான் இருக்கிறது.

புகார்க் கடிதத்துக்கு முன்னால் மகனிடம் ஒன்று கேளுங்கள்: குரூக்ஸ் அறையில் என்னென்ன இருந்தன? குரூக்ஸ் அந்தப் பண்ணையின் ஒரே கறுப்பினத் தொழிலாளி. குதிரைகளைப் பார்த்துக்கொள்பவன், முதுகு கோணியவன். மற்றவர்களோடு கொட்டகையில் படுக்க அவனுக்கு அனுமதி இல்லை. சேணங்கள் மாட்டியிருக்கும் அறையில் தனியாகக் கிடக்கிறான். நாலாம் அதிகாரம் தொடங்கியதும் ஸ்டைன்பெக் அந்த அறையைச் சாமான் சாமானாகக் காட்டுகிறார். சில ஜோடிக் காலணிகள், பெரிய அலாரக் கடிகாரம், ஒற்றைக் குழல் துப்பாக்கி, ஆணியில் தொங்கும் தங்கநிற விளிம்புள்ள மூக்குக் கண்ணாடி, கிழிந்த அகராதி. அவற்றோடு, புரட்டிப் புரட்டி நைந்துபோன 1905-ஆம் ஆண்டுக் கலிபோர்னியா உரிமையியல் சட்டப் புத்தகம் ஒன்று.

சாணி அள்ளுகிறவனுக்குச் சட்டப் புத்தகம் எதற்கு? பதில் அதே அதிகாரத்தின் முடிவில் வருகிறது. கர்லியின் மனைவி அறைக்குள் வந்து நிற்கிறாள். இது என் அறை, இங்கே வர உங்களுக்கு உரிமையில்லை என்று எழுந்து நின்று சொல்கிறான் குரூக்ஸ். படித்த சட்டம் பேசுகிறது. நான் ஒரு வார்த்தை சொன்னால் உன்னை மரத்தில் தொங்கவிட்டுவிடுவார்கள் என்கிறாள் அவள். அவ்வளவுதான், மனிதன் சுவரோடு சுவராக ஒட்டிக்கொள்கிறான். புத்தகம் அலமாரியிலேயே இருக்கிறது.

என் அப்பா தொழிற்சங்கச் சந்தா ரசீதுகளையும் குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு அடையாள அட்டைக் காகிதங்களையும் தகரப் பெட்டியின் அடியில் வேட்டிக்குக் கீழே வைத்திருந்தார். எங்கள் கை பட்டால் அடி விழும். குரூக்ஸின் அந்தப் புத்தகத்தைப் பற்றி உங்கள் மகன் உங்களிடம் ஐந்து நிமிடம் பேசினால், கட்டணம் வீண்போகவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘அதெல்லாம் தேர்வுக்கு வராது’ என்று சொன்னால் பள்ளிக்கு எழுதுங்கள், ஆனால் கெட்ட வார்த்தையைப் பற்றி வேண்டாம்.

கேள்வி: ‘இந்த நாவலில் அமெரிக்கக் கனவு’ என்ற தலைப்பில் எழுதிய கட்டுரைக்கு ஆசிரியர் ‘ஆழம் போதாது’ என்று எழுதிவிட்டார். கட்டுரையை இணைத்திருக்கிறேன். ஆழம் என்றால் என்ன டீச்சர்?
— ஒரு மாணவன், ஜெலுத்தோங்

வாசித்தேன் தம்பி. உழைத்தால் யாரும் உயரலாம் என்ற அந்த ‘அமெரிக்கக் கனவு’ முதல் பத்தியிலேயே நான்கு முறை வருகிறது. கட்டுரை முழுவதும் தேடினாலும் ஒரு காசு வரவில்லை. இந்த நாவல் நெடுக மனிதர்கள் பணத்தை எண்ணிக்கொண்டே இருக்கிறார்கள், நீயோ கனவை எண்ணிக்கொண்டிருக்கிறாய். கணக்கு நோட்டை எடு.

அவர்கள் கண் வைத்திருக்கும் நிலம் பத்து ஏக்கர், விலை 600 டாலர். சொந்தக்காரர்கள் நொடித்துப்போன கிழவனும் கிழவியும். கிழவிக்கு அறுவைச் சிகிச்சை செலவு வேறு இருக்கிறது, அதனால் மலிவாகக் கொடுப்பார்கள். சம்பளம் ஆளுக்கு மாதம் 50 டாலர். படுக்கையும் சாப்பாடும் பண்ணையிலேயே கிடைக்கும். அப்படியானால் இரண்டு பேர் ஆறு மாதம் காசைத் தொடாமல் இருந்தால் நிலம் கையில். அரண்மனையா கேட்டார்கள்? அப்படியிருந்தும் இத்தனை நாள் உழைத்த இருவரிடமும் சேர்த்து இருப்பது பத்து டாலர். ஏன் என்று உன் கட்டுரையின் முதல் பத்தி கேட்கட்டும்.

மூன்றாம் அதிகாரத்தில் கேண்டி பேச்சில் நுழைகிறார். பண்ணையைக் கூட்டிப் பெருக்கும், ஒரு கை போன கிழவர். கை போனதற்கு நஷ்டஈடு 250 டாலர். அதாவது ஒரு தொழிலாளியின் கைக்கு விலை ஐந்து மாதச் சம்பளம். இந்த ஒரு வரியை எழுதியிருந்தால் ஆசிரியரின் சிவப்புப் பேனா சற்று நின்று யோசித்திருக்கும். வங்கியில் இன்னும் 50 இருக்கிறது, மாதக் கடைசியில் இன்னொரு 50 வரும். ஆக 350. என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்கிறார். ஜார்ஜ் மனக்கணக்குப் போடுகிறான். நானும் லென்னியும் ஒரு மாதம் உழைத்தால் 100, மொத்தம் 450, மீதியைப் பிறகு கொடுத்துக்கொள்ளலாம். மூவரும் வாயடைத்துப் போகிறார்கள். அதுவரை தூங்குவதற்கு முன் சொல்லும் கதையாக இருந்தது, திடீரென்று ஒரே ஒரு மாதத் தூரத்தில் வந்து நிற்கிறது.

இப்போது நாட்காட்டியைப் பார். வியாழக்கிழமை மாலை ஆற்றங்கரையில் படுக்கிறார்கள். வெள்ளிக்கிழமை வேலையில் சேருகிறார்கள். ஞாயிற்றுக்கிழமையோடு கதை முடிகிறது. முதல் சம்பளத்தைக்கூட அவர்கள் கண்ணால் பார்க்கவில்லை.

இதுவரை சொன்னதை யாரும் எண்ணிக் கண்டுபிடித்துவிடலாம். இனிச் சொல்வதைக் கவனி. கர்லியின் மனைவி இறந்து கிடக்கிறாள், லென்னி ஓடிவிட்டான். கேண்டி ஜார்ஜைப் பார்த்து, நீயும் நானும் அந்த இடத்தை வாங்கலாம் அல்லவா என்று கேட்கிறார். கேட்கும்போதே அவருக்குப் பதில் தெரிந்துவிடுகிறது, தலை தொங்கிவிடுகிறது. பணம் எங்கே போயிற்று? எங்கேயும் போகவில்லை! கேண்டியின் 350 அப்படியே இருக்கிறது. ஜார்ஜின் 50 மாதக் கடைசியில் வரத்தான் போகிறது. லென்னியின் பங்கு 50 மட்டும் குறையும், அதற்கு ஒரு மாதம் கூடுதலாகக் காத்திருந்தால் போதும். அப்படியும் ஜார்ஜ் வேண்டாம் என்கிறான். ஆகவே அந்த நிலம் பணத்தால் மட்டும் தவறிப்போனது என்று நீ எழுதினால் அது பாதி உண்மை. வாய் திறந்து சொல்ல ஒருவனும் வாய் பிளந்து கேட்க ஒருவனும் இருந்தவரை அந்த நிலம் இருந்தது. கேட்கிறவன் போனதும் அது வெறும் பத்து ஏக்கர். வறுமையை மட்டும் குற்றம் சொல்லித் தப்பித்துக்கொள்ள ஸ்டைன்பெக் நம்மை விடவில்லை என்பது என் கட்சி. உன் ஆசிரியர் வேறு கட்சியாக இருக்கலாம், வாதாடு.

கடைசியாக அந்த 50 டாலர். முதல் அதிகாரத்தில் கோபம் வந்த ஜார்ஜ் லென்னியிடம் கத்துகிறான்: நீ மட்டும் இல்லாவிட்டால் மாதக் கடைசியில் என் ஐம்பது டாலரை எடுத்துக்கொண்டு ஊருக்குள் போய் இஷ்டப்படி இருப்பேன், விலைமாதர் வீட்டில் இரவெல்லாம் கிடப்பேன். ஐந்தாம் அதிகாரத்தில், லென்னி ஓடிய பிறகு, கேண்டியிடம் கிட்டத்தட்ட அதையே திரும்பச் சொல்கிறான். அதே ஐம்பது, அதே வீடு. முதலில் ஏக்கமாகச் சொன்னது இப்போது தண்டனைபோல் ஒலிக்கிறது. இரண்டு இடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அரைப் பக்கம் எழுது. ஆழம் என்று உன் ஆசிரியர் கேட்டது இதைத்தான்.

இன்னொன்று. கேண்டியின் கிழட்டு நாயைப் பண்ணைக் கூலியாள் கார்ல்சன் சுட்டதை ‘பின்னால் வரப்போவதன் முன்னறிகுறி’ என்று எழுதி நிறுத்தியிருக்கிறாய். அதை எல்லாரும் எழுதுவார்கள். என் நாயை வேற்றாள் சுட விட்டிருக்கக் கூடாது, நானே சுட்டிருக்க வேண்டும் என்று கேண்டி பிறகு ஜார்ஜிடம் வருந்துகிறாரே, அதைச் சேர். லென்னியைச் சுட ஜார்ஜ் எடுத்துப்போவது அதே கார்ல்சனின் துப்பாக்கி.

கேள்வி: கர்லியின் மனைவிக்குப் பெயரே இல்லையே, ஏன்?
— ஒரு மாணவி, பிரிக்ஃபீல்ட்ஸ்

அந்தப் பண்ணையில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆள் இல்லை, அதனால். இதை எல்லாக் குறிப்புப் புத்தகமும் சொல்லிவிடும் தங்கச்சி, அதற்கு மேல் மதிப்பெண் கிடையாது. சனிக்கிழமை இரவு ஆண்கள் ஊருக்குப் போன பிறகு, பலவீனமானவர்களை எல்லாம் இங்கே விட்டுவிட்டுப் போய்விட்டார்கள் என்று அவள் சொல்லும் இடத்தைப் படி. கேண்டி, குரூக்ஸ், லென்னி மூவரையும் இளக்காரமாகச் சொல்கிறாள். அவளையும்தான் விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். அங்கிருந்து தொடங்கு. குரூக்ஸை அவள் மிரட்டுவதை மறைத்து அவளைப் பாவப்பட்டவளாக மட்டும் காட்டாதே. பாவப்பட்டவள்தான், மிரட்டியதும் அவள்தான்.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளி. பேத்தி இந்தக் கதையைத் தமிழில் எடுத்துச் சொன்னாள். கூட்டாகக் காசு போட்டு நிலம் வாங்குவது வெள்ளைக்காரன் கதையில் வந்தால் இலக்கியம், நாம் செய்தால் ஒன்றும் இல்லையா? சங்கத்தில் நாங்கள் பணம் கட்டியதைப் பேத்தி தேர்வில் எழுதலாமா?
— ஒரு தாத்தா, செந்தூல்

ஐயா, உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

தெரியாத இளம் வாசகர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். 1950-களிலும் 60-களிலும் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கியவர்கள் துண்டு துண்டாக வெட்டி மறுபடி விற்றார்கள். தோட்டம் துண்டானால் வேலையும் போகும், லயத்து வீடும் போகும். அதைத் தடுக்கத்தான் அன்று அமைச்சராக இருந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகப் போய்ப் பேசி ஆள் சேர்த்தார்கள். பால்மரம் வெட்டியவர்களும் வெளிக்காட்டு வேலை பார்த்தவர்களும் மாதம் பத்துப் பத்து வெள்ளியாக, அதாவது அன்றைய மலாயா டாலராக, கட்டினார்கள். அந்தப் பணத்தில் தோட்டங்கள் வாங்கப்பட்டன. அன்றைய கூலியில் பத்து வெள்ளி என்றால் என்ன என்பது உங்களுக்குத் தெரியும், பேத்திக்குச் சொல்லுங்கள்.

ஆனால் தேர்வில் எழுத வேண்டாம். திருத்துகிறவர் கேட்பது அந்த நாவலும் அது பிறந்த காலமும்தான். நம் தோட்டத்துக் கதையை எழுதினால் ‘கேள்விக்குத் தொடர்பில்லை’ என்று கோடு இழுத்துவிடுவார். கோபப்படாதீர்கள், அது அவர் வேலை. ஆனால் நம் கதையைத் தெரிந்துகொண்டு எழுதுகிறவளின் கை வேறு மாதிரி எழுதும். ஜார்ஜ், லென்னி, கேண்டி மூவரும் பங்காளிகள். குரூக்ஸ் சம்பளமே வேண்டாம், நானும் வந்து உழைக்கிறேன் என்றவன், அன்று இரவே, சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன் என்று பின்வாங்கிவிடுகிறான். ஒரு ஆள் போனதும் எல்லாம் போய்விட்டது. உங்கள் சங்கத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் கட்டினீர்கள், எந்த ஒருவர் போனாலும் அது நின்றது. அந்த ஊர்க் கூலிகளுக்குச் சங்கம் ஏன் இல்லை, ஊர் ஊராகத் தனித்தனியே ஏன் அலைந்தார்கள் என்று பேத்தி கேட்கத் தொடங்கினால், அந்தக் கேள்வி தேர்வுக்கும் உரியது.

கேள்வி: பொறியியல் படிக்கப்போகும் பெண்ணுக்கு 1930-களின் அமெரிக்கக் கதை எதற்கு? நம் நாட்டுக் கதை ஏதாவது வைக்கக் கூடாதா?
— ஒரு தந்தை, பாயான் லெப்பாஸ்

வைத்தார்கள் ஐயா. 2000-க்குப் பிறகு சில ஆண்டுகள், ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வின் ஆங்கிலப் பாடத்துக்கு, பெடோங்கில் பிறந்த நம் கே.எஸ். மணியத்தின் ‘தி ரிட்டர்ன்’ இருந்தது. இதே ஸ்டைன்பெக்கின் ‘தி பெர்ல்’ என்ற குறுநாவலும் கூடவே இருந்தது. மாணவர்களில் பலர் எதை எடுத்துக்கொள்ளலாம் என்று பக்க எண்ணிக்கையைப் பார்த்துத்தான் தீர்மானித்தார்கள். அனைத்துலகப் பள்ளியைத் தேர்ந்தெடுத்தது நீங்கள். வெளிநாட்டுத் தேர்வு வாரியத்திடம் கெடாக் கதையை எதிர்பார்த்தால் எப்படி? மணியத்தின் புத்தகத்தை நீங்களே வாங்கி வீட்டில் வையுங்கள். பொறியாளர்களும் படிக்கலாம், தடை ஒன்றும் இல்லை.

கேள்வி: படம் பார்த்தால் போதாதா? செயற்கை நுண்ணறிவு எல்லா அதிகாரத்தையும் அரைப் பக்கத்தில் சுருக்கிக் கொடுத்துவிடுகிறது. புத்தகம் வாங்கத்தான் வேண்டுமா?
— ஒரு மாணவன், கோலாலம்பூர்

1992-இல் வந்த படம் நல்ல படம், நானும் பார்த்தேன். ஆனால் நாவலின் கடைசி வரி அதில் இல்லை. ஜார்ஜ் லென்னியைச் சுட்ட பிறகு, பண்ணையில் எல்லாரும் மதிக்கும் வண்டியோட்டி ஸ்லிம் அவனைக் கைத்தாங்கலாக அழைத்துப் போகிறான். பார்த்துக்கொண்டு நிற்கும் கார்ல்சன், இவர்களுக்கு என்னதான் வந்தது என்று உண்மையிலேயே புரியாமல் கேட்கிறான். அதோடு புத்தகம் முடிந்துவிடுகிறது. படத்தை மட்டும் பார்த்துவிட்டு முடிவைப் பற்றி எழுதினால் முதல் வரியிலேயே மாட்டிக்கொள்வாய். சுருக்கத்தில் குரூக்ஸின் சட்டப் புத்தகம் வருகிறதா என்று பார். வரவில்லை என்றால் அது சுருக்கமே இல்லை.

1936-இல் ஸ்டைன்பெக்கின் நாய் டோபி இந்த நாவலின் கைப்பிரதியில் பாதியைக் குதறிவிட்டது. மனிதர் உட்கார்ந்து மறுபடி எழுதினார். அவர் பாதியை இரண்டு முறை எழுதியதை நீ ஒரு முறை படி.

புதுப் புத்தகம் விலை அதிகமென்றால் பினாங்குக்கு வரும்போது சவுராஸ்தா சந்தையின் மாடிக்கு ஏறு. பழைய புத்தகக் கடைகள் அங்கே இருக்கின்றன, பள்ளிப் பிள்ளைகள் விற்ற பிரதி கிடைத்தாலும் கிடைக்கும். விளிம்பில் பென்சிலால் எழுதியிருப்பதை நம்பாதே. கடைசித் தாள் கிழியாமல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்கு.